கடைசி ஓவர் ஏழுமலை

போன வாரம் உளுந்தூர்பேட்டை தாண்டும்போது சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகான மொலாசஸ் ஏற்றிய டேங்கர் லாரி ஒன்று எங்கள் பேருந்தை முந்திப் போனது. புளித்த இனிப்பு வாடை. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அது கிரிக்கெட்டின் வாடை. சிரிக்காதீர்கள்.

மாசியில் எங்கள் வடக்கனந்தல் ஏரி வற்றியதும், வெடித்த மண்ணை நனைத்துத் தட்டிப் பிட்ச் போடுவோம். சர்க்கரை ஆலைக் காற்று அந்தப் பக்கம்தான் வீசும். டென்னிஸ் பந்து, பத்து ஓவர், ஜெயித்தால் ஓர் ஆடு. நான் விக்கெட் கீப்பர். பிடித்ததைவிட விட்டது அதிகம். ஸ்டம்புகள் என் வீட்டில் இருந்ததால் கேப்டனும் நானே.

ஏழுமலை கல்வராயன் மலைக்காரன். கருணாபுரத்தில் அக்காள் வீட்டில் தங்கி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மக்காச்சோளக் கொல்லையில் கிளி விரட்டக் கல் வீசிப் பழகிய கை. கடைசி இரண்டு ஓவருக்கு மட்டும் அவனைக் கூப்பிடுவோம். பந்து மட்டைக்காரனின் கால் கட்டைவிரலைத் தேடிக்கொண்டு போகும்.

ஒருமுறை எதிரணிக் கேப்டன் பாய்ந்து வந்தான். "யோவ், அவன் போடல, எறியறான்யா! கை மடங்குது, நோ பால் குடு!"

போட்டி நடத்தும் ஊர்தான் அம்பயரையும் நிறுத்தும், அதுதான் வழக்கம். எங்கள் அம்பயர் என்னைப் பார்த்தார்.

"கீப்பரு நான் நேரா பாத்துக்கினு கீறேன். கை குச்சியாட்டம் வருது. தோக்கற பயத்துல இன்னாத்துக்குக் கத்தற?" என்றேன்.

முழங்கை மடங்கியதை நான்தான் எல்லாரையும்விட நன்றாகப் பார்த்திருந்தேன். ஆட்டை ஓட்டிக்கொண்டு வரும் வழியில் ஏழுமலை கேட்டான்.

"அண்ணா, நெசமாவே மடங்குதா? மடங்குனா சொல்லு, இப்பவே மாத்திக்கறேன்."

அடுத்த ஞாயிறு இன்னொரு போட்டி, இன்னொரு ஆடு.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. போட்டுக்கினே இரு."

போட்டுக்கொண்டே இருந்தான். மாவட்ட அணி, சென்னை லீக்கில் ஐந்தாம் டிவிஷன், நான்காம் டிவிஷன் என்று வருடத்துக்கு ஒரு படி. ஜெயிக்கிறவரை அங்கேயும் யாரும் கையைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மாநில அணியில் அவன் பெயர் வந்த அன்று கருணாபுரத்தில் வெடி வெடித்தோம். சத்தமாகக் கத்தியவன் நான்தான்.

முதல் ஆட்டம். கடைசி ஓவர். பக்கவாட்டில் நின்ற அம்பயர் மூன்று முறை கையை நீட்டினார். நோ பால், நோ பால், நோ பால். அதன் பிறகு கையை நிமிர்த்திப் போடச் சொல்லி ஒரு வருடம் பழக்கினார்கள். கை நிமிர்ந்தது. பந்து கட்டைவிரலை மறந்துவிட்டது.

இன்று அந்த ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பிட்ச் இருந்த இடத்தை என்னால் காட்ட முடியாது. ஏழுமலை எந்த ஊரில் இருக்கிறான் என்றும் தெரியாது.

கடைசியாக அவனைப் பார்த்தது இதே உளுந்தூர்பேட்டையில், ஒரு டீக்கடையில். நான் வேலை தேடிச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவன் அங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தான்.

"நீதான பின்னால நின்ன. அப்ப ஒனக்குத் தெரியலயாண்ணா?"

"தெரியலடா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் பையை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"செரிண்ணா. ஒன் பஸ் கெளம்புது பாரு, ஓடு."