ஃபாதரின் அவசரம்

மாலை வகுப்புக்கு ஒரு பிள்ளைகூட வராத நாள் என் பணிக்காலத்தில் ஒன்றுதான் உண்டு. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்னக்கானலில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் நடத்தும் இலவச டியூஷனுக்கு நான்தான் டீச்சர். அன்று கோயில் ஹாலைத் திறந்து, போர்டைத் துடைத்துவிட்டுக் காத்திருந்ததுதான் மிச்சம்.

எனக்குக் கோபம் வந்தது. பத்தாம் வகுப்புக்கு அரையாண்டுப் பரீட்சை நெருங்கும் நேரம். முத்துலட்சுமியின் மகள் செல்வி கணக்கில் அப்போதுதான் தேறிவந்தாள். இப்போது விட்டால் பத்தில் தவறுவாள், அப்புறம் அம்மாவோடு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான். ஹாலைப் பூட்டிவிட்டு நேரே தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அவர்கள் லயத்துக்குப் போனேன்.

முத்துலட்சுமி இந்து. டியூஷன் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள்தான். என்னைக் கண்டால் பால் விடாத கட்டன் சாயா போடாமல் விடமாட்டாள். அன்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து எல்லார் முன்னாலயும் ஃபாதர் சொல்லிட்டாரே டீச்சர், எங்க புள்ளைக மிஷனுக்கு அவசரம்னு. இத்தனை வருசமா நீங்க ஒருநாளும் எங்கள கோயிலுக்கு வான்னு கூப்பிட்டதில்ல. இப்ப என்ன அவசரம் வந்துச்சு?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தின நாள் மிஷன் ஞாயிறு. பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கப் பெற்றோரையும் அழைத்திருந்தோம். புதிதாக வந்த ஃபாதர் கோட்டயம் பக்கத்து மலையாளி. திருத்தந்தை, அதாவது போப், அந்த நாளுக்காக வருஷாவருஷம் விடும் மிஷன் செய்தியைத் தமிழில்தான் விளக்குவேன் என்று ஒரே பிடிவாதம். நான் அந்நேரம் பின்பக்கம் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. இந்தப் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய நமக்கு ஒரு வாய்ப்பு என்று அவர் சொல்ல வந்தது, பிள்ளைகளை மதம் மாற்ற அவசரப்படுகிறார்கள் என்று லயம் முழுக்கப் பரவிவிட்டது.

அந்தச் செய்தி சொல்வதோ நேர்மாறு. வற்புறுத்தியும் ஆசைகாட்டியும் ஆள் சேர்ப்பது மிஷன் அல்ல, நாம் வாழும் விதத்தைப் பார்த்து ஒருவர் தானாக நெருங்கி வந்தால் வரட்டும் என்றுதான் இந்தக் காலத்துத் திருத்தந்தையர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முத்துலட்சுமிக்கு விளக்கினேன். அதை ஃபாதரே வந்து சொல்லட்டும் என்றுவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் ஃபாதருக்கு முகம் வாடிவிட்டது. செய்தியைக் கொண்டுபோய் முதலிலிருந்து வாசிக்கட்டுமா என்றார். ஐயோ வேண்டாம், நீங்கள் வந்தால் போதும் என்று கூட்டிப்போனேன். 'வாய்ப்பு' என்ற சொல்லை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தப்பாச் சொல்லிட்டேன் அம்மா. யாரையும் மாத்த வரலை. குழந்தைகளுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்க எனக்கும் ஒரு வாய்ப்பு வேணும்."

முத்துலட்சுமி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க ஃபாதர். சாயா குடிச்சிட்டு மெதுவா சொல்லிக்குடுக்கலாம். ஒரு அவசரமும் இல்ல."

மறுநாள் ஹால் நிறைந்திருந்தது. செல்வி அந்த வருஷம் பத்தில் தேறினாள்.

புதிதாக வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கதவைத் திறந்து வையுங்கள், கணக்கை ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள். 'ஒருநாளும் கூப்பிட்டதில்ல' என்று முத்துலட்சுமி கோபத்தில் சொன்னாளே, அதைவிடப் பெரிய பாராட்டு என் வேலைக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.