மேட்டில் நிற்காதவள்

ஜித்ரா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் யாராவது தனியாக நடந்து போனால், மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏற்றிக்கொள்ளாமல் கடந்து போக எங்களுக்கு மனசு வராது. அன்று ஒரு பெண்ணுக்காகவும் அப்படித்தான் நிறுத்தினேன். நான்காம் படிவம் படிக்கிற பதினாறு வயசு. பருத்த உடம்பு. பள்ளி விளையாட்டுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏறும்மா, வீட்டுல விடுறேன்."

"வேணாம்க்கா. உடம்பக் குறைக்க நடக்குறேன். இன்னைக்கு நீங்க அஞ்சாவது ஆளு லா."

நடையை நிறுத்தாமலே சொன்னாள். நான் மோட்டாரை மெதுவாக ஓட்டியபடி கூடவே போனேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

முறைத்தாள். "எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. மூணு மாசத்துல ரெண்டு கிலோகூட இல்ல, போதுமா? ஆனா ஆரம்பத்துல இந்த மேட்டுல மூணு தடவ நின்னு மூச்சு வாங்குவேன். இன்னைக்கு உங்களோட சண்டை போட்டுக்கிட்டே ஏறிட்டேன். அத யாராச்சும் கேட்டீங்களா?"

அப்போதுதான் கவனித்தேன். மேட்டின் உச்சியில் இருந்தோம்.

மறுநாளும் அதே மேட்டில் அவள் முதுகைப் பார்த்தேன். பிரேக்குக்குப் போன கையை இழுத்துக்கொண்டு, ஹாரன் மட்டும் அடித்தேன். அவள் திரும்பவில்லை. கையை மட்டும் உயரத் தூக்கினாள். நடை குறையவே இல்லை.