படகு அட்டைக்கு முதலிடம்

சென்ற வாரம் வேலூரில் ஒரு காது மருத்துவர் இரும்பு இசைக்கவை ஒன்றைத் தன் முழங்காலில் தட்டினார். அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே என் மகனின் காதருகே கொண்டுபோனார். அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு கவையின் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்து அழுத்தினார். அவன் கண்கள் விரிந்தன.

"கேக்குது சார். உள்ளேர்ந்து கேக்குது."

அவனுக்குப் பதினேழு வயது. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஆண்டு வெளிவந்த இசைத் தொகுப்புகளில் பிடித்த பத்தை எடுத்து வரிசைப்படுத்தி நண்பர்களுக்கு அனுப்புவான். எது மூன்றாவது, எது நான்காவது என்று சாப்பாட்டு மேசையில் இரண்டு நாள் எங்களைப் படுத்துவான். இந்த டிசம்பரில் "லிஸ்ட்லாம் போடலம்மா, மூட் இல்ல" என்றான். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படிக் காது மங்கியதுண்டா என்று மருத்துவர் கேட்டார். இதற்கு வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேனே தவிர, என் கண்முன் நின்றது வேறொன்று. ஒரு மரப்பெட்டியின் மூலை. அந்த மூலையில் பதிந்திருந்த பல் தடங்கள்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது, அப்பாவின் தங்கையான என் அத்தை எங்கள் ஊர்த் தேரடித் தெருவில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தாள். பாட்டு பதிந்து தரும் கடை. வெற்றுக் கேசட்டையும், வேண்டிய பாட்டுகளை எழுதிய சீட்டையும் கொடுத்தால் மறுநாள் பதிந்து கொடுப்பார்கள். பதியும் இயந்திரத்தின் முன்னால் உட்காருவது அத்தையின் வேலை. முகப்பில் இரண்டு முள்கள் துடிக்கும். அவை சிவப்புக் கோட்டைத் தொட்டும் தாண்டாமலும் இருக்கும்படி அவள் குமிழைத் திருகிக்கொண்டிருப்பாள். அவள் பதிந்த கேசட் கரகரக்காது என்று ஊரில் பெயர்.

அதைவிடப் பெரிய பெயர் கடை வாசலில் இருந்த கரும்பலகைக்கு. ஆண்டின் கடைசி வாரத்தில் அந்த வருடம் வந்த கேசட்டுகளில் சிறந்த பத்தை அத்தை வரிசையாக அதில் எழுதுவாள். அதற்காகவே ஆட்கள் வந்து நிற்பார்கள். எதிர் டீக்கடையில் நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் கைகலப்பு வராத குறையாகச் சண்டை நடக்கும். போளூர், செங்கம் பக்கம் ஓடுகிற தனியார் பேருந்துக்காரர்கள் பலகையைப் பார்த்ததும் முதலிடம் பிடித்த கேசட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். தை பிறக்கும்வரை வண்டியில் அதுதான் ஓடும். சுற்றுப்பட்டு ஜனங்கள் புத்தாண்டில் எந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்பதை என் அத்தையின் சாக்பீஸ் தீர்மானித்தது. எனக்கு அவள் மாவட்ட ஆட்சியரைவிடப் பெரிய அதிகாரியாகத் தெரிந்தாள்.

அந்த அத்தைக்குக் காது மங்கிக்கொண்டிருந்தது. முதலாளிக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாளே வேலை போய்விடும். காது கேட்காத பெண்ணை யார் பாட்டுக் கடையில் உட்கார வைப்பார்கள்? அந்த இயந்திரத்தையும் பலகையையும் தவிர அவள் ஆசைப்பட்டது எதுவுமில்லை. அதனால் முதலாளி பேசும்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதியும்போது முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவும் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளி விட்டதும் கடைக்கு வரும்படி அத்தை என்னைக் கூப்பிட்டாள் என்பதுதான்.

அந்த ஆண்டு முழுக்க மாலையில் எனக்கு அங்கே வேலை இருந்தது. புதுக் கேசட் ஒவ்வொன்றையும் போட்டு, ஹெட்போனை என் காதில் பொருத்திவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எதிரில் உட்காருவாள்.

"கொழல் எப்டி வருது? மார்க் போடு."

"ஏழு."

"மார்க் மட்டும் சொன்னா ஆச்சா? எப்டி இருக்குனு சொல்லுடி பாப்பா."

"குச்சி ஐஸ மொத தடவ நாக்குல வெச்ச மாதிரி இருக்கு அத்த."

அதையும் எழுதிக்கொள்வாள். ஒரு பெண் குரலை ஈரத் துணியைப் பிழிவதுபோல இருக்கிறது என்றேன். இன்னொன்றை எண்ணெயில் அப்பளம் விழுவதுபோல என்றேன். எல்லாம் எழுதினாள். ஒரு பெரியவள், அதுவும் பலகைக்கு எழுதுகிறவள், என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள் என்றால் என் ரசனை எப்பேர்ப்பட்டது என்று எனக்கு மிதப்பு ஏறியது. வகுப்பில் யாரோடும் சரியாகப் பேசாமலானேன்.

கேசட்டுகளுக்கு நாங்கள் அட்டையை வைத்துப் பெயர் வைத்திருந்தோம். மஞ்சள் அட்டை, குதிரை அட்டை, படகு அட்டை. படகு அட்டை ஒரு குப்பை. அது பத்து வயதுக்குக்கூடத் தெரிந்தது. அதற்கு நான் மார்க் போடவில்லை. பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கடைக்குப் போனேன். கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அத்தை தரையில் மண்டியிட்டுப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தாள். பெட்டியின் மர மூலை அவள் வாய்க்குள் இருந்தது. கடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஒன்றும் பெரிய சத்தமாக வைக்கப்பட்டிருக்கவில்லை. அவள் கண்கள் மூடியிருந்தன. புருவம் மட்டும் பாட்டோடு ஏறி இறங்கியது. கன்னத்தில் கண்ணீர். கோயிலில் தீபாராதனை நேரத்தில் சிலர் முகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டியின் முன்னால் பார்த்ததில்லை. 

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பல்லு வலிடீ. இதக் கடிச்சா அதிர்வுல கொஞ்சம் கம்மியாவுது."

நான் நம்பினேன். அன்று மாலையே வீட்டில் அப்பாவின் ரேடியோப் பெட்டியின் விளிம்பைக் கடித்துப் பார்த்தேன், எனக்குப் பல்வலி இல்லாவிட்டாலும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு கடித்தபோது பாட்டு என் மண்டைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து பாடுவதுபோலக் கேட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது. "பெட்டியத் தின்றதுக்கா வாங்கிப் போட்டிருக்கேன்?" என்று அப்பா தலையில் தட்டியதும் விட்டுவிட்டேன்.

பட்டியல் போட வேண்டிய வாரம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, தோழி ஒருத்தியுடன் பள்ளியிலிருந்து திரும்பும்போது தேரடியில் அத்தை எங்களுக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். பலகைக்கு எழுதுகிற அத்தை என்னிடம் எப்படிப் பேசுவாள் என்று தோழிக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

"அத்த!"

திரும்பவில்லை. இன்னும் கிட்டத்தில் போய்க் கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கத்தினேன். பூக்காரம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள். அத்தை நேராக நடந்து கடைக்குள் போய்விட்டாள்.

"உங்க அத்தை உன்ன மதிக்கவே இல்லியேடி" என்றாள் தோழி. "இன்னாவோ அவங்களே உன்கிட்ட கேட்டுத்தான் எழுதறாங்கனு சொன்ன?"

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படிப் பழி வாங்குவது என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

பட்டியல் நாளில் அத்தை நோட்டை விரித்து வைத்து, முதலிடத்தைக் கடைசிக்கு விட்டு, ஒவ்வொரு இடமாகக் கேட்டாள். நான் ஒழுங்காகவே இடம் சொல்லி வந்தேன். இரண்டாவது மஞ்சள் அட்டை. மூன்றாவது குதிரை அட்டை. பத்துவரை சொல்லி முடித்தேன்.

"மொத எடம்?"

"படகு அட்டை."

பென்சில் நின்றது. "எது?"

"படகு அட்டை அத்த. அதான் ஒண்ணாவது."

"நல்லா காதக் குடுத்துக் கேட்டியா?"

"கேட்டேன். கொழல், வயலின், எல்லாமே சூப்பரா இருக்கு."

அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு வரிசை இருந்தது. ஒன்றின் தலைப்பு ‘பாப்பா’. மற்றது ‘நான்’. இரண்டிலும் பெயர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இருந்தன; ஒன்றிரண்டு மேலே கீழே. ஆனால் என் வரிசையில் முதலிடத்தில் எழுதிய படகு அட்டை, அவள் வரிசையில் பத்துக்குள்ளேயே இல்லை. பக்கத்தின் அடியில் தனியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஏதோ சின்னதாக எழுதியிருந்தாள்.  பிறகு ‘நான்’ என்ற வரிசையின் குறுக்கே, மேலிருந்து கீழாக, ஒரு கோடு போட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வரிசையைப் பலகையில் எழுதினாள். சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது. மாலைக்குள் பேருந்துக்காரர்கள் படகு அட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் முழுக்க அத்தை இயந்திரத்தை விட்டு எழவில்லை. முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை, வேலையை விட்டுவிடலாம்போல இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

இரண்டாம் நாள் போளூர் வண்டி நடத்துநர் கடைக்குள் வந்து கேசட்டை மேசையில் போட்டார்.

"இன்னாமா இது, ஒண்ணாவதுனு எழுதிக்கிற? நிறுத்துங்கனு ஜனம் கத்துது. ஒரு பாட்டி எறங்கி அடுத்த வண்டில வரேன்னுட்டாங்க."

பின்னாலேயே செங்கம் வண்டிக்காரர் வந்தார். எதிர் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள். நான் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதலாளி கேசட்டை எடுத்துப் போட்டார். இரண்டு பாட்டு பொறுமையாகக் கேட்டார். மூன்றாவதை நடுவிலேயே நிறுத்தினார்.

"எட்டுப் பாட்டுக்கும் ஒரே அடிம்மா. உரல் இடிக்கிற மாதிரி. உனக்கு இன்னா ஆச்சு?"

அத்தை அவர் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "ஒரே அடியா?"

"ஒரே அடி."

"எட்டுக்குமா?"

"நீதான கேட்டு எழுதின? என்னக் கேக்கற?"

அத்தை நோட்டை இழுத்துப் புரட்டினாள். கோடு போட்ட வரிசைக்கு அடியில், படகு அட்டைக்குப் பக்கத்தில், சின்னதாக எழுதியிருந்ததை நான் அடியிலிருந்து தலையை நீட்டி இப்போது படித்தேன். ‘எட்டுக்கும் ஒரே அடி.’

அவள் முகம் மாறியதை எப்படிச் சொல்வது? கார்த்திகையில் மலைமேல் தீபம் ஏறும் கணத்தில் கீழே நிற்கிறவர்கள் முகங்கள் எல்லாம் ஒன்றாக மாறுமே, அப்படி. இத்தனை பேர் எதிரில் நின்று கேலி பேசிக்கொண்டிருக்க, அவள் நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தனக்குத்தானே மெல்லச் சொன்னாள்: "அப்ப எனக்குக் கேட்டது சரிதான்."

அப்புறம் மேசைக்கு அடியில் குனிந்து என்னை வெளியே இழுத்தாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"தேரடில மூணு தடவ கூப்ட்டேன். நீ திரும்பவே இல்ல."

"மூணு தடவயா?"

"கத்திக்கூடக் கூப்ட்டேன்."

 அறை விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. என் இரண்டு கன்னத்தையும் பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தாள். ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கப் பலகையைத் துடைத்தாள். நோட்டில் கோடு போட்டு அடித்த வரிசையை ஒன்று முதல் பத்துவரை எழுதினாள். இந்தத் தடவை சாக்பீஸ் ஒடியவில்லை. டீக்கடைக்காரர்கள் சிரிப்பை நிறுத்தி, நான்காம் இடத்தைப் பற்றி வழக்கம்போலச் சண்டையைத் தொடங்கினார்கள்.

அன்று மாலை அத்தை தன் காதைப் பற்றி முதலில் முதலாளியிடமும் பிறகு அப்பாவிடமும் தானே சொன்னாளாம். முதலாளி, "அப்ப இவ்ளோ வருஷமும் எப்டிம்மா எழுதன?" என்று மட்டும் கேட்டாராம். வேலை போகவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு காதுக்கு அறுவை செய்தார்கள். அதுவரை, மதியம் கதவை இறக்கிக்கொண்டு, அந்தப் பெட்டியின் மூலையைக் கடித்துத்தான் அவள் பத்துப் பத்தாகப் பட்டியல் போட்டாள்.

வேலூரிலிருந்து திரும்பும் பேருந்தில் இதை மகனிடம் சொன்னேன். அவன் வலப்பக்கம் உட்கார்ந்து, அவனுக்கு நன்றாகக் கேட்கும் காதில். அவன் கேட்டது ஒன்றுதான். "பல்லால கடிச்சா நெசமாவே கேக்குமா?" நேற்றுக் காலை அவன் மேசையைத் துடைக்கும்போது அவனுடைய சிறிய ஸ்பீக்கரின் விளிம்பு ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு தாள். ஒன்று முதல் ஆறுவரை எழுதி, ஏழாவது இடம் மட்டும் அடித்து அடித்துத் திருத்தியிருந்தது. நான் படிக்காமல் கவிழ்த்து வைத்தேன். 

பலகையைத் துடைத்து எழுதிய அன்றைக்கு அத்தை டீக்கடையிலிருந்து எனக்கு இரண்டு கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தாள். மேசைமேல் உட்கார்ந்து கால்களை ஆட்டியபடி தின்றேன். பொய் சொன்னேன், பலகையைக் கெடுத்தேன், இரண்டு ஊர்ப் பேருந்துகளைப் பாழாக்கினேன். அதற்கு முத்தமும் கடலை உருண்டையும் கிடைக்கின்றன. பெரியவர்களின் கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆனால் அத்தை இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்றால் அடுத்த ஆண்டும் இருப்பதிலேயே மோசமான கேசட்டைப் பார்த்து முதலிடத்தில் வைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.