சாம்பல் பெட்டி

போன கிழமை வெளிநாட்டிலிருந்து மருமகள் அனுப்பிய குழந்தையின் படம் என் போனில் திறக்கவில்லை. நடுவில் ஒரு சாம்பல் பெட்டி மட்டும். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "படந்தானே, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறியள்," என்றாள் மனைவி. பேயென்றால் ஓடியிருப்பேன். இதைக் கண்டால் கால் அசையாது.

திருகோணமலைத் துறைமுகத்தடியில், முதலாளி நானாவின் ஸ்டூடியோவில் நான் கம்பியூட்டர் பார்த்த காலம். கரண்ட் வெட்டும் நாள்கள். ஒரு மணிக்குப் போனால் மூன்றுக்குத்தான் வரும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். எதையும் வாசிக்க நேரமில்லை. புதுப் போன்களின் படங்களைத் திறக்க ஒரு துணை மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தேன். இதை ஏற்றினால் பழையவை பதினாலு கழன்றுபோகும், சம்மதமா என்று திரை கேட்டது. மணி பன்னிரண்டே முக்கால். நான் தாராள மனசுக்காரன், ஆம் என்று அழுத்தினேன்.

கழன்றதில் ஒன்றுதான் எங்கள் பழைய ஸ்கேனரின் படங்களை வாசிப்பது. கடையிலிருந்த முகங்கள் அத்தனையும் சாம்பலாகின.

அந்நேரம் பார்த்து வெருகல் பக்கத்து மலர் வந்தாள். புருசன் மீன்பிடிக்கப் போன வள்ளம் மூன்று நாளாகத் திரும்பவில்லை. வெளியே கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கரை கரையாக் காட்டித் தேட ஒரு படம் வேணுமண்ண. எல்லாம் அவற்ற போனிலதான். போன் அவரோட."

அடையாள அட்டைக்கு அவர் எங்களிடம்தான் படம் எடுத்திருந்தார்.

"அஞ்சு நிமிசம், தங்கச்சி."

கழன்றதைத் திரும்பப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்டது. அது அதைவிடப் பழையதைக் கேட்டது. அந்தப் பழையது இணையத்தில் எங்குமே இல்லை. நான் மௌஸைச் சட்டையில் துடைத்தேன், அழுக்குத்தான் காரணம் என்பதுபோல. கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்தி அடங்கியது.

"என்னத்தக் கழட்டின?" என்றார் நானா.

"சின்னதொண்டு, நானா."

"அவளிட்டப் போய்ச் சொல்லு, சின்னதொண்டெண்டு."

சொல்ல ஏலவில்லை. மலர் கதிரையில் உட்கார்ந்து, கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றுக்குப் பிறகு, ஸ்கேனரோடு வந்த சீடியை நானா அலுமாரியில் கண்டெடுத்தார். புதியதைக் கழற்றி எறிந்துவிட்டு அதை ஏற்றினேன். முகம் வந்தது. மூதூர், கிண்ணியா, வடக்குக் கரைகள் எல்லாவற்றுக்கும் அச்செடுத்து அனுப்பினோம்.

ஆள் வரவில்லை.

"அதை அழிச்சுப் போடாதீங்கோ அண்ண," என்று மட்டும் பிறகொருநாள் வந்து சொன்னாள்.

இன்று ஸ்டூடியோ இல்லை. நானா கந்தளாயில் மகளோடு. அந்தக் கம்பியூட்டரும் சீடியும் போன இடம் தெரியாது. மலரின் புருசனுடைய படக் கோப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. திறக்கும் மெஷின் ஒன்றும் இல்லை. போன மாதம் இடமில்லையென்று என் கணினி கேட்டது: இந்தக் கோப்பைத் திறக்க முடியாது, நீக்கவா?

ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். இல்லை என்று அழுத்தினேன்.