காலடியில் நின்ற பந்து

காயல்பட்டினத்து மைதானத்தில் ஆட்டத்தை முடிக்க விசில் தேவைப்படுவதில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கும் ஆட்டம், சூரியன் மறைந்து மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்ததும் நின்றுவிடும். அப்போது பந்து யாரிடம் இருக்கிறதோ அவர் அதன்மேல் காலை வைப்பார். எதிரே ஓடிவருபவரும் நின்றுவிடுவார். அஃப்ஸல் எட்டு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை அப்படித்தான் ஆடினான்.

பிறகு பெங்களூரில் ஒரு கிளப் அவனை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரன் அவன். பெரிய வேகம் கிடையாது. இடது கால் சுமார்தான். ஆனால் பந்து எங்கே வரும் என்று சற்று முன்னதாகவே கணித்து அங்கே போய் நிற்பான். அதைத் திறமை என்பதைவிடப் பொறுமை என்பதே சரி.

தோஹாவில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் அவனுடைய வாப்பா ஜக்கரிய்யா முன்பே சொல்லியிருந்தார். "ஒரு வருஷம் ஆடு. மறுபடி எடுத்தாங்கன்னா சரி. இல்லன்னா விசா ரெடியா இருக்கு, இங்க வந்துரணும்."

அஃப்ஸல் சம்மதித்திருந்தான்.

ஏழாவது போட்டி கோழிக்கோட்டில். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்க, அவன் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. பந்து அஃப்ஸலிடம் இருந்தது. அதன்மேல் காலை வைத்து நின்றான். இரண்டு நொடி இருக்கலாம். எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு போய் கோல் அடித்தான். ஆட்டம் சமனில் முடிந்தது.

கோச் காரணம் கேட்டார். "தப்பு என்னோடது சார்" என்பதற்கு மேல் அஃப்ஸல் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பாங்கின்மேல் பழியைப் போட்டதாகும் என்று நினைத்தான்.

திரும்பும் பஸ்ஸில் கோல்கீப்பர் ஜெபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காயல்பட்டினத்துக்குப் பக்கத்து நாசரேத்துக்காரன், நான்கு வயது மூத்தவன்.

"ஏலே, பாங்கு கேட்டுல்லா நின்ன?"

அஃப்ஸல் தலையசைத்தான்.

"எங்க ஊர்ல சர்ச்சு மணி அடிச்சா நான் அப்படியா நிக்கேன்? கோல்கீப்பர் சும்மா நின்னா எவனுக்கும் வித்தியாசம் தெரியாதுங்கது வேற."

அஃப்ஸலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணும்னு நிக்கலண்ணே. காலு நின்னுட்டு."

மறுநாள் ஜெபின் கோச்சிடம் போய்க் காரணத்தைச் சொன்னான். கோச் இரக்கப்படவில்லை, அஃப்ஸலை மூன்று போட்டிகளுக்கு வெளியே உட்காரவைத்தார். அதற்குள் பாங்குக்கு நிற்கும் காலைச் சரிசெய்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார்.

பயிற்சி மைதானத்துக்கும் பாங்கு கேட்கும். அந்த நேரம் பார்த்து ஜெபின் பந்தை அஃப்ஸலுக்கு உருட்டிவிட்டு, "ஓடுல, ஓடு" என்று கத்துவான். முதல் வாரம் தினமும் கால் நின்றது. மூன்றாவது வாரம் தலை மட்டும் திரும்பியது. அப்புறம் கால் தன்பாட்டுக்கு ஓடியது. பயிற்சி முடிந்த கையோடு அஃப்ஸல் மைதான ஓரத்தில் தொழுவான். ஜெபின் அவன் பூட்ஸுக்குக் காவல் இருப்பான்.

கடைசி ஐந்து போட்டிகளில் அஃப்ஸல் ஆடினான். அவற்றில் எதிரணிகள் அடித்த கோல்கள் இரண்டே. கிளப் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டது. "அடுத்த சீசனுக்கு இடது காலையும் கூட்டிட்டு வா" என்றார் கோச். வாழ்த்து அவ்வளவுதான்.

தோஹாவுக்குப் போன் செய்து வாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"அப்போ விசாவ வேற ஆளுக்குக் குடுத்துரவா?"

"குடுத்துருங்க வாப்பா."

"அடுத்த மாசம் லீவுல வாரேன். நம்ம மைதானத்துல ஆடு, பாக்கணும்."

மே மாதம் வந்தார். மைதானச் சுவரோரம் உட்கார்ந்து மகன் பழைய கூட்டாளிகளோடு ஆடுவதைப் பார்த்தார். சூரியன் இறங்கி, பாங்கு ஒலித்தது. எல்லோரும் நின்றார்கள். பந்தை வைத்திருந்த அஃப்ஸல் மட்டும் நாலெட்டு ஓடி, நீளமாக ஒரு பாஸ் அடித்தான். அதை வாங்க யாரும் நகரவில்லை. பந்து உருண்டு சுவரோரம் போனது. ஜக்கரிய்யா எழுந்து அதன்மேல் காலை வைத்தார்.

பாங்கு முடியும்வரை யாரும் பேசவில்லை. முடிந்ததும் ஒருவன் சொன்னான்: "ஏலே பெங்களூரு, ஆட்டம் முடிஞ்சிட்டு."

சிரிப்பு அடங்க நேரமானது. வாப்பா பந்தை எடுத்து மணலைத் தட்டிவிட்டார்.

"விசாவ வேற ஆளுக்குக் குடுத்தது சரிதான்" என்றார். "வா, தொழப் போவோம்."