பால்மா டின்னில் சிரித்த குழந்தை

கடவாய்ப்பல் முளைக்கும் வரை குழந்தையின் வயிறு கண்ணாடிக் குழாய் மாதிரி, பால்மாவைத் தவிர எது போனாலும் விரிசல் விட்டுவிடும் என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை. டின்னின் மேல் சிரித்துக்கொண்டிருந்த கொழுகொழு குழந்தையைப் பார்த்து நானாகவே அடைந்த ஞானம் அது.

1978 வாக்கில், போடிமெட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். மனைவிக்கு ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை. பத்து மாத மகனைக் காலையில் பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிடுவோம். காய் பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளெல்லாம் அங்கேதான். பார்த்துக்கொள்ள ராசிங்காபுரத்து அக்கா ஒருவர்.

"அக்கா, இவனுக்கு இந்த டின்னு மட்டும்தான். வேற எதையும் வாயில வச்சிராதீங்க" என்று கறாராகச் சொல்லிவைத்தேன். "சரி தம்பி" என்றார்.

அதுவரை சுவரில் சாய்த்து வைத்த தலையணை போல இருந்த பையன், இரண்டே மாதத்தில் தவழ்ந்து, எழுந்து, என் மீசையைப் பிடித்துத் தொங்குமளவுக்குத் தேறினான். டின்னின் மகிமையை எஸ்டேட் முழுக்கப் பேசித் திரிந்தேன். தினமும் பதினொரு மணிக்குக் கொட்டகையை மேற்பார்வை பார்க்கப் போவேன். அக்கா கொடுக்கும் டீயையும் குடிப்பேன். அவ்வளவு கெட்டியான டீ போடியில்கூடக் கிடைக்காது.

ஒரு நாள் மத்தியானம் போனால், மகனின் இடுப்புத்துணியெல்லாம் செக்கச்செவேலென்று இருக்கிறது. "ரத்தம்!" என்று நான் போட்ட சத்தத்தில், ஸ்டோரில் தீப்பிடித்துவிட்டது என்று நாலு பேர் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

போடிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பில், மூட்டைகளைத் தள்ளிவிட்டு ஏறினேன். அழுதபடி மனைவி, அவள் மடியில் மகன், பின்னாலேயே ஓடிவந்து தொற்றிக்கொண்ட அக்கா. டாக்டரிடம் காட்ட அந்தத் துணியை என் டிபன் டப்பாவில் வைத்து மூடியிருந்தேன். வேறு டப்பாவே கிடைக்கவில்லையா என்று மனைவி இன்றும் கேட்கிறாள்.

வளைவுக்கு வளைவு அக்கா ஏதோ பேச வாயெடுத்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன்..."

"பேசாம வாங்கக்கா! டிரைவரண்ணே, வெரசா போங்க!"

"இதுக்கு மேல வெரசா போனா ரோடு வேணாம்ப்பா, நேரா பள்ளத்துல எறங்கிரலாம்" என்றார் டிரைவர்.

"இல்ல தம்பி, அந்தச் செவப்பு..."

"அந்தப் பேச்சையே எடுக்காதீங்க!"

மகன் மட்டும் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கைதட்டிக்கொண்டு வந்தான்.

போடி டாக்டர் டப்பாவைத் திறந்தார். திறந்ததைவிட வேகமாக மூடினார்.

"என்ன சாப்பிட்டான்?"

"பால்மா மட்டும்தான் சார்."

அதற்குள் அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி மகன் கடித்துக்கொண்டிருந்தான். "முடியாத பிள்ளை பண்ற வேலையா இது? நெசத்தைச் சொல்லுங்க" என்றார்.

"பீட்ரூட்டு சார்" என்றார் அக்கா. "நேத்து ரெண்டு கரண்டி, இன்னைக்கு ரெண்டு கரண்டி. இவுகதான் வழி பூரா என்னைப் பேசவே விடல."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. காலையில் குழந்தையை விடும்போதே ஒவ்வொரு தாயும் காரம் சேர்ப்பதற்கு முன் எடுத்து வைத்த தன் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு கை கொடுத்துவிட்டுப் போவாள். அக்கா அவற்றை மசித்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஊட்டுவார். பொட்டிபுரத்துக்காரி வீட்டுப் பாசிப்பருப்பு, மலையாளத்துப் பெண் கொண்டுவரும் ஏத்தம்பழம், இன்னொருத்தி வீட்டு முட்டை, கீரை, கேப்பைக்களி என்று என் மகன் தினமும் ஊர் விருந்தே சாப்பிட்டிருக்கிறான். எங்கள் வீட்டுப் பங்கு பூசணிக்காயாம். கொடுத்தது யார் என்று திரும்பிப் பார்த்தேன். அழுகையை நிறுத்திவிட்டு என் மனைவி கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பீட்ரூட் விஷயம் மட்டும்தான் தெரியாது.

"பிள்ளையத் தேத்துனது இந்தம்மா. நீங்க டின்னுக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. பத்து வீட்டுச் சோறும் அப்படியே தொடரட்டும்" என்று டப்பாவை என் கையில் கொடுத்தார் டாக்டர்.

இன்றும் எதையாவது நான் அடித்துப் பேசும்போது, பக்கத்தில் யாராவது "ஒண்ணு சொல்றேன்" என்று வாயெடுக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

அன்று திரும்பி மலை ஏறும்போது அக்காவிடம் கேட்டேன்: "அப்ப டின்னெல்லாம் எப்படிக் காலியாச்சு?"

"கொண்டாந்து குடுத்ததை வீணாக்கவா முடியும்? பதினோரு மணிக்கு உங்களுக்குத்தான் டீ போட்டேன்ல, தம்பி."

இரண்டு மாதமாக அந்தப் பால்மாவைக் குடித்தது நான்தான்.