அம்மா ஊற்றிய முதல் குவளை

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். இறுதிச் சடங்கன்று எல்லாரும் என்னிடம் ஒன்றையே சொன்னீர்கள்: "அம்மா பாவம்மா, யாரையும் எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டாங்க." உங்களுக்கு அம்மாவைத் தெரியவே தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா தவறியபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. எங்களைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து, ஒற்றை அறையில் குடியேறி, பங்சாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் சூப்பர்வைசரானார். "கூட்டுற வேலைக்கு ஒரு சூப்பர்வைசரா?" என்று எங்கள் வீட்டு விசேஷத்திலேயே சிரித்தவர்கள் இதையும் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவின் பையில் எப்போதும் பெரிய ஃபிளாஸ்க் இருக்கும். வேலை முடிந்ததும் தம்மோடு வேலை செய்த பதினொரு பெண்களுக்கும் தம் கையாலேயே தேநீர் ஊற்றுவார். அன்றைக்குக் கழிவறை கழுவியவருக்கே முதல் குவளை. "குடிச்சிட்டுப் போ லா, ரயிலு எங்கயும் ஓடிடாது" என்பார்.

ஒருநாள் புதிதாக வந்த மேனேஜர், துப்புரவுப் பெண்கள் இனி சாப்பாட்டு அறையில் உட்காரக் கூடாது, கழிவறைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் சாப்பிடட்டும் என்றார். அம்மா சோற்றுப் பொட்டலத்தோடு நேராக அவருடைய அறைக்குள் போனார். பின்னால் பதினொரு பேரும்.

"பாஸ், நாங்க இங்கயே உக்காந்து சாப்பிடறோம். நீங்க அந்தப் படிக்கட்டுல போயி சாப்பிட்டுப் பாருங்க."

மறுநாளே சாப்பாட்டு அறை திறந்தது. இரண்டே மாதத்தில் அம்மாவின் சூப்பர்வைசர் பதவி பறிபோனது. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடி துடைப்பத்தை எடுத்தார். ஃபிளாஸ்க் மட்டும் நிற்கவில்லை.

அம்மா படுத்த படுக்கையான கடைசி மூன்று வாரங்கள், மருத்துவமனையில் முறை வைத்துக் கூட இருந்தவர்கள் அந்தப் பெண்கள்தாம். நாமெல்லாம் பழப்பையோடு வந்து அரை மணியில் கிளம்பினோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இறுதிச் சடங்குக்கு அவர்கள் வேலையிலிருந்து நேராக, சீருடையோடு வந்தார்கள். நானும் தம்பியும் மின்சுடலைக்குப் போய்த் திரும்பியபோது வீடு கழுவி முடிந்திருந்தது. சித்தி பெருமையாகச் சொன்னார்: "கிளீனர்ஸ் வந்திருந்தாங்க, அவங்கள வச்சே கழுவிட்டேன்."

"குடிக்க ஏதாச்சும் குடுத்தீங்களா சித்தி?"

"அவங்க கேக்கலியே!"

அம்மாவைப் பார்க்க வந்தவர்களைக் கூலிக்கு வந்தவர்களாக்கி, தொண்டை நனைக்காமல் அனுப்பியிருக்கிறோம். அதுவும் அம்மாவின் வீட்டிலிருந்து! மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர்களில் மூத்தவரான ராணி அக்கா, "எங்க அக்கா வீடும்மா. நாங்க கழுவாம வேற யாரு கழுவுவா? விடு" என்றார். அவர் விடலாம். நான் விடுவதாக இல்லை.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். பந்தல் போட்டவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் நன்றி. அந்தப் பதினொரு பேருக்கு எழுத்தில் சொன்னால் போதாது. இன்று அவர்களை அழைத்திருக்கிறேன். முதல் வரிசை அவர்களுக்கு. அதில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் தயவுசெய்து எழுந்துகொள்ளுங்கள். அம்மாவின் ஃபிளாஸ்க் என் கையில் இருக்கிறது, நானே ஊற்றுகிறேன்.

சித்தி, குவளைத் தட்டை நீங்கள் பிடியுங்கள்.